மாடித்தோட்டம் கேள்வி–பதில்: மிளகாய்க் குச்சியும் ஏரோபோனிக் வாளியும்

கேள்வி: நான்கு வருடமாகக் காய்க்கும் காந்தாரி மிளகாய்ச் செடி ஒன்று இருக்கிறது. கிளை வெட்டித் தொட்டி மண்ணில் நட்டால் ஒன்றுகூடப் பிழைப்பதில்லை. ஏரோபோனிக் குளோனர் என்கிறார்களே, அது வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, கோவை

பதில்: குளோனர் என்பது மூடி போட்ட ஒரு வாளி, அவ்வளவுதான். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் முங்கிய சின்ன மோட்டார். மோட்டார் தண்ணீரை மேலே பீய்ச்சி, மூடியில் செருகிய குச்சிகளின் அடிமுனையை நனைத்துக்கொண்டே இருக்கும். இலை வெளியே வெளிச்சத்தில், வெட்டுவாய் உள்ளே இருட்டில். மண் கிடையாது.

வெட்டிய குச்சிக்கு ஒரே நேரத்தில் இரண்டு தேவை. இலை வழியே போகும் நீரை ஈடுகட்ட ஈரம் வேண்டும். வெட்டுவாயில் புது வேர் உருவாக ஆக்ஸிஜன் வேண்டும். தொட்டி மண்ணைச் சொதசொதவென்று நனைத்தால் காற்று போய்க் குச்சி அழுகும். காயவிட்டால் இலை தொங்கிவிடும். உங்கள் குச்சிகள் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டுதான் போயிருக்கின்றன. குளோனர் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது; அதன் வேலை அவ்வளவே.

ஒரு செடியிலிருந்து இரண்டு மூன்று கன்று போதுமென்றால் வாங்க வேண்டாம். நிழலில் ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் மிளகாய்க் குச்சி இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். எட்டு, பத்து குச்சிக்கு மேல் போகும்போதுதான் வாளி லாபம். அதில் 7 முதல் 14 நாளில் வேர் வரும். முற்றிய கிளைக்கு மூன்று வாரம்கூட ஆகலாம்.

கேள்வி: விதைதான் மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?
– வாசகர், ஓசூர்

பதில்: நாட்டு முண்டு, சம்பா மிளகாய்க்கு விதையே சரி. குச்சி இரண்டு இடத்தில் உதவும். ஒன்று, கலப்பின குடைமிளகாய்: அதன் விதையை எடுத்துப் போட்டால் தாயைப் போல வராது, குச்சி போட்டால் வரும். இன்னொன்று பூத் ஜோலோக்கியா மாதிரி முளைக்கவும் வளரவும் மாதக்கணக்கில் இழுக்கிற ரகங்கள். ஒரு குறையும் உண்டு. குச்சியில் வந்த செடிக்கு ஆணிவேர் இருக்காது, சுற்று வேர்தான். காய் பாரத்தில் சாயும் என்பதால் நடும் அன்றே ஒரு முட்டுக்குச்சி ஊன்றிவிடுங்கள்.

கேள்வி: பெயின்ட் வாளியில் நானே செய்து பார்த்தேன். 18 வாட் ஏர்கூலர் மோட்டாரில், சொட்டுநீர்க் கடையில் வாங்கிய நான்கு முனை பாகரை (fogger, பனிபோல் தூவும் கருவி) பொருத்தினேன். தூவல் வரவே இல்லை, தண்ணீர் கசிகிறது. மோட்டார் பழுதா?
– வாசகர், சேலம்

பதில்: மோட்டாரில் குற்றமில்லை, ஜோடி பொருந்தவில்லை. அந்த பாகர் பனிபோலத் தூவ 3–4 பார் அழுத்தம் வேண்டும். 18 வாட் கூலர் மோட்டார் தண்ணீரை ஒன்றே முக்கால், இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும், அதாவது 0.2 பார்கூடத் தேறாது. பனிமூட்டம் மிளகாய்க் குச்சிக்குத் தேவையும் இல்லை. வெட்டுவாயில் தண்ணீர் தெறித்து வழிந்தாலே போதும்.

பாகரைக் கழற்றிவிட்டு இப்படிச் செய்யுங்கள். 20 லிட்டர் வாளி. மோட்டார் வாயிலிருந்து அரை இஞ்ச் பிவிசி குழாய் ஒரு சாண் உயரம் மேலே. அதன் தலையில் T வடிவ இணைப்பு (டீ) போட்டு, இரு பக்கமும் வாளியின் உட்சுவரை எட்டாத அளவு குழாய்த் துண்டு, முனைகளில் மூடி. மேல் பக்கமாக 1.5 மி.மீ. பிட் வைத்து எட்டு துளை. துளை கூடக் கூட அழுத்தம் குறையும்; பன்னிரண்டு போட்டால் எல்லாமே அழுது வடியும். முதலில் ஆறு போட்டு மூடியைத் தண்ணீர் அடிக்கிறதா என்று பாருங்கள், பிறகு கூட்டுங்கள். பிவிசி மூட்டுகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், இறுக்கிச் செருகினால் போதும். உப்பு அடைத்தால் கழற்றி ஊசியால் குத்த வேண்டியிருக்கும்.

மூடியில் ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) கொண்டு எட்டு வட்டம், வட்டத்தின் நடுவுக்கு நடு ஆறேழு செ.மீ. இடைவெளி. அதில் 2 இஞ்ச் நியோபிரீன் காலர், அதாவது குச்சியைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் நுரை வட்டு. அது கிடைக்காவிட்டால் பழைய யோகா பாயை வட்டமாக வெட்டி, இரண்டை அடுக்கி, விளிம்பிலிருந்து நடு வரை ஒரு கீறல் போட்டால் அதே வேலை செய்யும். தெர்மாகோல் வேண்டாம். உதிர்ந்து மோட்டாருக்குள் போகும்.

தண்ணீர் 6 லிட்டர். மோட்டார் முழுதாக முங்க வேண்டும், ஆனால் குச்சியின் அடிமுனைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே நான்கு விரற்கடையாவது காற்றிடம் இருக்க வேண்டும். வெள்ளை வாளிக்குள் வெளிச்சம் போகும், பாசி பிடிக்கும். வெளியே கறுப்பு பெயின்ட் ஒரு கோட், அதன்மேல் வெள்ளை ஒரு கோட். கறுப்பு மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் வாளி கொதிக்கும்.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். மோட்டார் வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏறட்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதை ஓட்டாதீர்கள். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

கேள்வி: எந்தக் கிளையை, எவ்வளவு நீளம், எப்படி வெட்டுவது? இலையை எல்லாம் எடுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: முந்தைய நாள் மாலை தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் ஏறும் முன் வெட்டுங்கள். பூவில்லாத பக்கக் கிளையாக, பென்சிலைவிடச் சற்று மெலிந்ததாகப் பாருங்கள். வளைத்தால் வளைந்து, இன்னும் வளைத்தால் பட்டென்று முறிகிற பதம். கொழகொழவென்ற இளந்தளிர் வாளியில் அழுகும். பட்டை பழுப்பேறிய கிளை வேர்விடப் பொழுது போக்கும்.

நீளம் 10–15 செ.மீ. கணுவுக்கு அரை செ.மீ. கீழே, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். வெட்டியதும் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

பூ, மொட்டு, பிஞ்சு எதுவும் மிஞ்சக் கூடாது. கவட்டையில் கடுகளவு மொட்டு ஒளிந்திருக்கும், நகத்தால் கிள்ளுங்கள். மிளகாய் இதில் பிடிவாதக்காரச் செடி. வேரில்லாத குச்சியிலும் பூத்துக் காய்க்கப் பார்க்கும், உள்ள சத்தெல்லாம் அங்கே போய்விடும்.

இலையை முழுவதும் எடுக்கக் கூடாது. வேரைத் தூண்டும் ஆக்ஸின் நுனியிலும் இளம் இலையிலும்தான் உண்டாகிறது. மேலே மூன்று நான்கு இலை போதும். குடைமிளகாய் மாதிரி அகல இலையானால் பாதியாக நறுக்குங்கள், காந்தாரிக்கு அப்படியே விடலாம். காலருக்குக் கீழே 4–5 செ.மீ. வெறும் தண்டு, அதில் ஒரு கணுவாவது இருக்கட்டும். உள்ளே ஓர் இலை தங்கிவிட்டாலும் அது அழுகி, மற்றதையும் கெடுக்கும்.

முதல் இரண்டு நாள் இலை வாடித் தொங்கும். பயப்படாமல், பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி, காலை மாலை ஐந்து நிமிடம் திறந்து விடுங்கள். நான்காம் நாள் எடுத்துவிடலாம். நேர் வெயில் கூடாது. நிழல்வலைக்கு உள்ளே, அல்லது ஜன்னலோர வெளிச்சம். அறைக்குள் எல்இடி என்றால் 14–16 மணி நேரம்.

கேள்வி: கடையில் வாங்கிய குளோனர்தான். ஜனவரியில் 20 குச்சியில் 18 வேர் விட்டது. மே மாதம் அதே செடி, அதே முறை, எல்லாக் குச்சியும் அடியில் பழுப்பாகிக் கோழை மாதிரி வழுக்கி அழுகிவிட்டது. கருவி கெட்டுவிட்டதா?
– வாசகர், ஆவடி

பதில்: கருவி அதேதான், தண்ணீர் வேறு. இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. வெட்டுவாய், மருந்து, உரம் என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம். தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பதில்லை.

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம், சூடு பத்து டிகிரி ஏறினால் திசுவின் மூச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. அந்த இடைவெளியில் பித்தியம் பூசணம் புகுந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் கோழை அதன் வேலையாகத்தான் இருக்கும். தண்ணீர் 22–26 டிகிரியில் இருக்க வேண்டும். 28-ஐத் தாண்டினால் ஆபத்து.

இதில் கவனிக்காமல் விடுவது மோட்டார். 18 வாட் மோட்டார் தண்ணீருக்குள் ஓடும்போது அந்த 18 வாட்டும் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேர்கிறது. 6 லிட்டருக்குக் கணக்குப் போட்டால், சூடு வெளியே போகாதபட்சத்தில் மணிக்கு இரண்டரை டிகிரி ஏறும். வாளிச் சுவர் வழியாகக் கொஞ்சம் இறங்கிவிடும் என்றாலும், இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் அறையைவிட வாளித் தண்ணீர் சில டிகிரி சூடாகவே நிற்கும். மே மாதத்து ஆவடியில் அறையே 34 என்றால் உள்ளே என்ன நிலை என்று பாருங்கள்.

அதனால் முதல் வேலை டைமர். ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நிற்கும்படி வைக்கக்கூடிய டிஜிட்டல் சைக்கிள் டைமர் நல்லது. மோட்டார் தரும் சூடு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மூடிய வாளிக்குள் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் நான்கு நிமிடத்தில் தண்டு காயாது. பல்லைத் தள்ளிவிடும் பழைய வகை டைமரில் 15 நிமிடத்துக்குக் குறைவாக வைக்க முடியாது; அதில் 15 ஓட்டம், 15 ஓய்வு. சூடு பாதியாவது குறையும்.

இரண்டாவது, ஐஸ். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து வாளிக்குள் போட்டால், 32 டிகிரியில் இருக்கும் 6 லிட்டர் 24-க்குப் பக்கத்தில் வந்துவிடும். காலை பதினொரு மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று. ஐஸை நேராகக் கொட்டாமல் பாட்டிலோடு போடுங்கள், பாட்டிலை எடுத்ததும் நீர்மட்டம் பழையபடி இறங்கிவிடும். வாளியை மொசைக் தரையில், வடக்குப் பார்த்த அறையில் வைப்பது இரண்டு பாட்டில் ஐஸுக்குச் சமம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) 6 லிட்டருக்கு கால் மில்லி. இன்சுலின் சிரிஞ்சில் அளக்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஆகும். குச்சிக்கு ஒன்றும் செய்யாது, பூசணத்தை அடக்கும். இதைப் போடும் வாளியில் டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற உயிர் மருந்து போட்டால் காசுதான் வீண், குளோரின் அதையும் கொன்றுவிடும்.

இந்த முறை கெட்டுப்போன கருவியை அப்படியே திரும்ப ஓட்டாதீர்கள். காலர், குழாய், மோட்டாரின் காற்றாடி எல்லாம் கழற்றித் தேயுங்கள். லிட்டருக்கு 10 மில்லி அதே ப்ளீச் கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஓட்டி அலசுங்கள். உப்புக் கறைக்கு வினிகர் ஊற்றுவதானால் அது வேறொரு நாள். ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இவ்வளவும் செய்ய முடியாதென்றால் அக்டோபர் வரை பொறுப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,400. பஞ்சகவ்யம் கொஞ்சம் கலந்தால் வேர் சீக்கிரம் வருமா? கற்றாழைச் சாறு, வேரூட்டிப் பவுடர் இவற்றில் எது நல்லது?
– வாசகி, திருப்பூர்

பதில்: பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழுக் கழிவுநீர் எதுவும் வாளிக்குள் கூடாது. மண்ணுக்கு அமுதம், வாளியில் சாக்கடை. ஒரு நாளில் நாற்றமெடுத்துத் துளைகளையும் அடைக்கும்.

1,400 டிடிஎஸ் அதிகம். ஆர்ஓ தண்ணீர், அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர். பிஹெச் (அமில–கார அளவு) 5.5–6.2 போதும். வேர் வரும் வரை உரமே வேண்டாம். வேர் ஒரு செ.மீ. ஆனதும் 19:19:19 உரம் லிட்டருக்குக் கால் கிராம்.

மிளகாய்க்கு ஹார்மோன் கட்டாயமில்லை. பவுடர் வாளி முறைக்கு ஒத்தும் வராது. முதல் தெளிப்பிலேயே கழுவிப்போய், அந்த டால்க் மாவு துளையில் உட்காரும். கற்றாழைக் கூழும் அப்படியே. முற்றிய கிளைக்கு வேண்டுமென்றால் இண்டோல் பியூட்ரிக் அமிலத்தைத் திரவமாகக் கொடுங்கள்: 100 மில்லிகிராமை 50 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கினால் 1,000 பிபிஎம். தண்ணீரில் நேராகப் போட்டால் கரையாது. அடி 2 செ.மீ. மட்டும் ஐந்து விநாடி முக்கி, ஒரு நிமிடம் காற்றில் உலரவிட்டுச் செருகுங்கள். அதிக நேரம் ஊறினால் வேருக்குப் பதில் வெட்டுவாய் தடித்துக் கறுக்கும்.

கேள்வி: ஐந்தாம் நாள் தண்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பூசணமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பூசணம். சொரசொரவென்று தண்டோடு ஒட்டியிருந்தால், ஈரத்தில் பட்டையின் சுவாசத் துளைகள் புடைத்திருக்கின்றன என்று பொருள். நல்ல சகுனம். இன்னும் ஒரு வாரத்துக்குள் வேரைப் பார்ப்பீர்கள். அதற்குள் தினமும் குச்சியை உருவி உருவிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் திடீர் திடீரென இரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது.
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: மூடியைத் திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரம் கவலையில்லை. அதற்கு மேல் போகும்போல் தெரிந்தால், காலர் ஓட்டை ஒன்றின் வழியே நல்ல தண்ணீர் ஊற்றி, குச்சியின் அடிமுனை நனையும் வரை மட்டத்தை ஏற்றிவிடுங்கள். அரை நாள் தாங்கும். கரண்ட் வந்ததும் மொண்டு எடுத்துப் பழைய மட்டத்துக்கு இறக்க வேண்டும். மறந்தால் அது வெறும் டம்ளர் தண்ணீர்தான். அடிக்கடி போகும் ஊரென்றால் 12 வோல்ட் டிசி மோட்டாரும் சின்ன பேட்டரியும் வைப்பதே நிம்மதி.

கேள்வி: இலை சுருண்ட செடி. காய் மட்டும் ருசி. குச்சி எடுத்துப் புதிதாக வளர்த்தால் சுருட்டை போய்விடுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: எதனால் சுருட்டை என்பதைப் பொறுத்தது. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. இரண்டும் பூச்சி. தாய்ச்செடியைச் சுத்தம் செய்து, புதுத்தளிர் நேராக வந்த பிறகு குச்சி எடுக்கலாம். இலை சிறுத்து, நரம்பு வெளிறி, செடியே குட்டையாகக் குத்தாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸ். அது குச்சிக்குள்ளும் இருக்கும். எத்தனை முறை குளோன் செய்தாலும் கூடவே வரும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

தேமல் வைரஸ்களில் சில பிளேடிலும் கைச்சாற்றிலும் ஒட்டிப் பரவும். ஒரு வாளியில் எட்டுக் குச்சிக்கும் ஒரே தண்ணீர் என்பதால், சந்தேகமான குச்சியை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. செடிக்குச் செடி பிளேடு மாற்றுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: நல்லமிளகுக் கொடிக்கும் இது ஆகுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆகும், ஆனால் வேண்டாம். மிளகுக்கொடியின் அடியிலிருந்து ஓடும் ஓடுகொடியில் இரண்டு மூன்று கணு வெட்டி, நிழலில் பாலித்தீன் பையில் நட்டாலே வேர் பிடிக்கும். மிளகை வாட்டும் அழுகல் நோய்க்கிருமியின் பெயர் பைட்டோப்தோரா கேப்சிசி. மிளகாயில் (கேப்சிகம்) முதலில் கண்டதால் வந்த பெயர். இரண்டு செடியையும் தாக்கும், அதன் வித்துக்கள் தண்ணீரில் நீந்திப் போகும். மிளகையும் மிளகாயையும் ஒரே வாளியில் வைப்பது அதற்குப் பாலம் கட்டிக்கொடுப்பது.

கேள்வி: வாளியில் அரை அடிக்கு வேர் வந்தது. தொட்டிக்கு மாற்றிய மூன்றாம் நாள் எல்லாம் சாய்ந்துவிட்டன.
– வாசகர், மதுரை

பதில்: அரை அடி வரை விட்டதே கோளாறு. 3–5 செ.மீ. ஆனதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வேர்கள் பின்னிக்கொள்ளும். காலரிலிருந்து உருவும்போது அறுபடும். தண்ணீரிலும் காற்றிலும் வளர்ந்த வேர் மெல்லியது, கல்போல் இறுகிய மண்ணுக்குள் போகத் தெரியாது.

அலசி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பெரிய தொட்டி வேண்டாம், ஒரு டம்ளர் அளவு கப். கலவையை முதலில் நனைத்து, நடுவில் குழி போட்டு, வேரைத் தொங்கவிட்டு, சுற்றிலும் தூவி மூடுங்கள். விரலால் அழுத்தாதீர்கள், தண்ணீர் விட்டால் தானே படியும். முதல் வாரம் கலவை காயவே கூடாது. இலைக்கு நிழலும் கவிழ்த்த டப்பாவும் வேண்டும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். புது இலை ஒன்று விரிந்த பிறகு காலை வெயில். கப்பின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும் நாளில் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.